உங்கள் பட்டியலில் செயின்பிளேட் இல்லையே, ஐயா

ஈப்போ வாசகர் ஒருவரின் கடிதம், சுருக்கமாக: "எனக்கு வயது 58. தொழிற்பள்ளியில் மோட்டார் பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். லங்காவியில் ஆறு ஆண்டுகளாகக் கரையேற்றி வைத்திருந்த 1979-ஆம் ஆண்டுத் தயானா 37 பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். என் தாத்தா ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர். அதே கடலைத் திரும்பக் கடந்து, அடுத்த டிசம்பர் முதல் வாரத்தில் நானும் மனைவியும் திருகோணமலைக்குப் போக ஆசைப்படுகிறோம். பழுதுபார்க்க 120,000 ரிங்கிட் ஒதுக்கியிருக்கிறேன். செய்ய வேண்டிய 41 வேலைகளின் பட்டியலை இணைத்துள்ளேன். எதை முதலில் செய்வது? லித்தியம் பேட்டரி போடலாமா? பாய்மரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் இரண்டாவது கம்பியான உள் ஸ்டேயை எடுத்துவிட்டு, முன்பக்கம் பெரிய ஜெனோவா பாய் போட்டால் வேகம் கூடுமா? தேக்கு டெக் ஒழுகுகிறது, என்ன செய்வது? பின்குறிப்பு: நடுக்கடலில் ஏதாவது முறிந்தால் நாம் இரண்டு பேர் மட்டும் என்ன செய்வோம் என்று மனைவி கேட்கச் சொன்னார்."

அன்புள்ள ஐயா,

பட்டியலைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். கடல்நீரை நன்னீராக்கும் வாட்டர்மேக்கர் இருக்கிறது, லித்தியம் பேட்டரி இருக்கிறது, சோலார் வளைவு, ஃப்ரீசர், ரேடார், மெத்தைக்குப் புது உறைகூட இருக்கிறது. செயின்பிளேட் என்ற சொல் 41 வரியில் எங்கும் இல்லை. சீகாக் இல்லை. டீசல் தொட்டியும் இல்லை. படகின் கூடத்தில் நின்றுகொண்டு கண்ணில் பட்டதை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாருமே அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் உங்கள் இருவரையும் திருகோணமலையில் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகும் சாமான்கள் பலகைக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் கிடக்கின்றன. அதனால் புதிதாக ஒரு திருகு வாங்குவதற்கு முன், மறைந்திருப்பதைக் கழற்றி வெளியே எடுத்துப் பாருங்கள். பிரித்துப் பார்ப்பதற்கே மூன்று மாதம் போகட்டும். கீழே நான் எழுதுவதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

முதலில் நல்ல செய்தி: வாங்கியது நல்ல படகு. ராபர்ட் பெர்ரி வரைந்த வடிவம், 1976-இலிருந்து தைவானில் கட்டினார்கள். முன்புறமான அணியம் மாதிரியே பின்புறமும் கூர்ந்து முடியும் உடம்பு, அடியில் நீளமாக ஓடும் ஏரா, பத்து டன்னைத் தாண்டும் எடை. மரினாவுக்குள் பின்பக்கமாக ஓட்டினால் எருமைக்கடா மாதிரி அடம்பிடிக்கும். கடலில் இறங்கிவிட்டால் அலையில் நின்று நிதானமாகப் போகும். அந்தக் காலத்தில் ஃபைபரைக் கணக்குப் பார்க்காமல் தடிமனாக அடித்தார்கள். படகின் அடியில் இருக்கும் கொப்புளங்களைப் பற்றி ஒரு பக்கம் பயந்து எழுதியிருக்கிறீர்கள். கொப்புளத்தால் மூழ்கிய படகை நான் இதுவரை பார்த்ததில்லை. பெரியவற்றைத் திறந்து நன்னீரில் கழுவிக் காயவிட்டு எபாக்ஸியால் அடையுங்கள், போதும். அந்தப் பக்கத்தை மூடிவிடுவோம்.

இப்போது செயின்பிளேட். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள் வந்து சேரும் பட்டைகள் அவை. மேலே டெக்கில் நான்கு விரல் அளவு பளபளவென்று தெரியும். மீதி டெக்கைத் துளைத்து உள்ளே இறங்கி, அலமாரிப் பலகைக்குப் பின்னால் உடம்போடு போல்ட் போட்டிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, துருப்பிடிக்காதே என்று தோன்றும். அந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதே காற்றிலுள்ள ஆக்சிஜனால்தான். அதுதான் மேல்தோலாக ஒரு மெல்லிய படலத்தை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. டெக்கைக் கடக்கும் அந்த ஒன்றிரண்டு அங்குலத்தில் காற்றே போகாது. ஆனால் உப்புத்தண்ணீர் கசிந்து நிற்கும். படலம் அழிந்த இடத்தில் அரிப்பு ஊசிமுனை அளவில் தொடங்கி உள்நோக்கிப் போகும். மேலே பார்த்தால் பளபளப்பு, கீழே பார்த்தாலும் பளபளப்பு. நடுவில் ஒன்றும் மிச்சமிருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், விற்பனைக்கு வந்த 40 அடிப் படகு ஒன்றைச் சோதித்து, 'செயின்பிளேட்டுகள் நல்ல நிலையில்' என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். டார்ச் அடித்து மேலும் கீழும் பார்த்தேன், கழற்றவில்லை. மூன்று மாதம் கழித்து வாங்கியவர் கூப்பிட்டார். பினாங்குக்குப் பக்கத்தில் சாதாரணக் காற்றில் பாய்மரம் சாய்ந்துவிட்டது. நல்லவேளையாக யார் தலையிலும் விழவில்லை. முறிந்தது ஒன்று, மீதி ஐந்தையும் நானே கழற்றினேன். அதில் ஒன்றை வைஸில் கடித்து வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, அவ்வளவுதான், பிஸ்கட் மாதிரி இரண்டாகிவிட்டது. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஐந்தில் நான்கு பங்கு காப்பித்தூள் நிறத்தில் கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் ஒரு நகக்கண் அகலத்துக்குத்தான் புது வெள்ளி. அந்த நகக்கண்தான் மரத்தை அதுவரை தாங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டு இன்றும் என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து கழற்றாமல் பார்த்த செயின்பிளேட்டைப் பற்றி 'பார்க்கவில்லை' என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் பயணத்துக்கு இது ஏன் கூடுதல் முக்கியம் என்று பாருங்கள். லங்காவியிலிருந்து திருகோணமலை சுமார் 1,100 கடல் மைல். நீங்கள் போவது மேற்கே, காற்று வடகிழக்கிலிருந்து. அதாவது ஏறக்குறைய முழுப் பயணமும் காற்று வலப்பக்கப் பின்புறத்திலிருந்துதான் வரும். நாளுக்கு 120 மைல் என்று வைத்தால் ஒன்பது நாள், வலப்பக்கக் கம்பிகள்தான் சுமை தாங்கும். படகு ஐந்து விநாடிக்கு ஒருமுறை உருளும் என்று கணக்குப் போட்டால்கூட, அந்தப் பட்டைகள் ஒன்றரை லட்சம் தடவை இழுபட்டு விடும். நாற்பது வருடத்துக்கு மேல் ஈரத்தில் நின்ற எஃகை நம்பி அதைக் கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். அலமாரிப் பலகைகளைப் பெயர்க்க மனம் வராது, அழகான தேக்கு வேலை. திருகுகளுக்கு எண் போட்டுப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு பெயர்த்துவிடுங்கள். பழைய பட்டைகளைத் திரும்பப் போடலாமா என்று சிவப்புச் சாயம் பூசி விரிசல் பார்க்கும் சோதனை செய்யலாம். ஆனால் இந்த வயதில் சோதனைக்குச் செலவழிப்பதைவிடப் புதிதாகச் செய்வது மலிவு. பழையதை அச்சாக வைத்து 316எல் தரத்தில் ஒரு சுற்றுத் தடிமன் கூட்டி, ஓரமும் துளையும் கண்ணாடி மாதிரி மெருகேற்றி வாங்குங்கள். கரடுமுரடான மேற்பரப்பில்தான் அரிப்பு முதலில் கால் வைக்கும்.

மாற்றம் செய்வதாக இருந்தால் நான் ஆதரிக்கும் ஒரே பெரிய மாற்றமும் இங்கேதான்: பட்டைகளை டெக் வழியாக உள்ளே இறக்காமல், உடம்பின் வெளிப்பக்கத்தில் போல்ட் போட்டுவிடுங்கள். டெக்கில் துளையே இல்லை, ஒழுகல் இல்லை, குளிக்கும்போது பல் தேய்த்துக்கொண்டே பார்த்துவிடலாம். உள்ளே போல்ட் வரும் இடத்தில் ஃபைபர் அடுக்கு ஏற்றித் தடிமனாக்கி, பின்தகடு கொடுக்க வேண்டும். கம்பிகளின் கோணம் கொஞ்சம் விரியும், எதிர்காற்றில் ஒரு சில பாகை இழப்பீர்கள். பந்தயம் விடுகிறவருக்குத்தான் அது கவலை.

இந்தக் கதையில் எல்லாரும் மறக்கும் இன்னொரு பட்டை உண்டு. அணியத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பௌஸ்பிரிட் கட்டையை மேலே எழும்பாமல் கீழிருந்து பிடித்திழுப்பது பாப்ஸ்டே. அதன் பட்டை நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே, எப்போதும் நனைந்தபடி இருக்கிறது. அது போனால் கட்டை தூக்கும், முன் ஸ்டே தளரும், மரம் பின்னால் சாயும். கட்டை மரத்தாலானதென்றால், இரும்பு வளையம் மாட்டிய இடத்தில் வளையத்தைக் கழற்றிவிட்டுக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைத் திருப்பி அனுப்பும்.

கம்பிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வயது தெரியாத கம்பி என்றால் மொத்தமாக மாற்றுங்கள். முனைகளில் இயந்திரத்தால் நசுக்கிப் பொருத்தும் வகைக்குப் பதில், ஸ்பேனர் வைத்துக் கையாலேயே பிரித்துப் பூட்டக்கூடிய ஸ்டா-லாக் மாதிரி முனைகள் போட்டால், நடுக்கடலில் நீங்களே ஒரு கம்பியைக் கட்டலாம். மோட்டார் ஆசிரியருக்கு அது அரை மணி வேலை.

உள் ஸ்டேயை எடுக்காதீர்கள். வேகம் கூடுமா என்றால், மெல்லிய காற்றில் கொஞ்சம் கூடலாம். உள் ஸ்டே இருந்தால் ஜெனோவாவை மறுபக்கம் திருப்பும்போது சிக்கும், அது உண்மையான தொல்லைதான். ஆனால் ஒன்பது நாளும் ஒரே பக்கக் காற்றில் போகிறவர் எத்தனை தடவை திருப்பப்போகிறீர்கள்? மலாக்கா நீரிணையில் இரவு இரண்டு மணிக்கு 'சுமத்ரா' என்னும் திடீர்ச் சூறைக்காற்று வந்து மோதிப் பார்த்தால், முன்னால் இரண்டு பாய் வைக்கும் இந்தக் கட்டர் அமைப்பின் அருமை புரியும். மேற்கே வானம் கறுத்துக் குளிர்காற்று முகத்தில் பட்டவுடன், முன்பாயை உருளையில் சுருட்டிவிடுகிறீர்கள். உள் ஸ்டேயில் சின்னப் பாய், பெரிய பாயை இரண்டாவது ரீஃப் வரை மடித்துச் சுருக்கினால் போதும். அவ்வளவுதான், படகோட்டுபவர் உட்காரும் காக்பிட்டை விட்டு அணியத்துக்குத் தவழ வேண்டியதில்லை. பாயின் இழுவை மரத்துக்கு அருகிலேயே நிற்பதால் படகும் சுக்கானுக்கு அடங்கி நடக்கும். புயல்பாயை மாட்டுவதற்கும் அந்த ஸ்டேதான் இடம். வேண்டுமானால் நெம்புகோல் கொக்கி ஒன்று போட்டு, கரையோரம் ஓடும்போது கழற்றி மரத்தோடு கட்டி வையுங்கள்.

சரி, டெக். உங்களை ரொம்ப நாள் தூங்கவிடாத விஷயம் இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தவர். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடிக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே எந்த இடம் இன்னும் வாங்கும், எது போதும் என்று சொல்வாராம். அவருடைய தோணியில் பலகை கெட்டால் அந்தப் பலகையை மாற்றினால் முடிந்தது. உங்கள் டெக் வேறு ஜாதி. மேலே தேக்கு, அதன் கீழே ஃபைபர் தோல், அதற்குக் கீழே பால்சா என்ற லேசான மரம் அல்லது ஒட்டுப்பலகை, கடைசியில் இன்னொரு ஃபைபர் தோல். தேக்குப் பட்டைகளை அந்த மேல்தோலில் ஆயிரக்கணக்கான திருகுகளால் இறக்கியிருக்கிறார்கள். தேக்கு தேய்ந்து, திருகுத் தலையை மூடிய மரக்கட்டைகள் கழன்று விழ ஆரம்பித்ததும், ஒவ்வொரு திருகும் தண்ணீரை நடு அடுக்குக்கு இறக்கும் குழாயாகிவிடும்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் டெக் முழுக்கத் தட்டிப் பாருங்கள், பலாப்பழம் பழுத்ததா என்று தட்டுகிற மாதிரி. கணீரென்றால் உள்ளே காய்ந்திருக்கிறது. பொத்தென்று அமுங்கிய சத்தம் வந்தால் அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். மரத்தடி, செயின்பிளேட் ஓரம், கைப்பிடிக் கால்கள், இந்த இடங்களில் வட்டம் வரும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். டெக்கில் ஆங்காங்கே இரண்டு மூன்று வட்டம் என்றால், இடுக்குகளைப் புதிதாக அடைத்து இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். கால்வாசிக்கு மேல் வட்டமாகிவிட்டால் தேக்கு முழுவதையும் எடுத்துவிடுங்கள். மேல்தோலை வெட்டித் திறந்து, ஊறிய நடு அடுக்கைச் சுரண்டி எறிந்து, புதிது வைத்து, ஃபைபர் போர்த்தி, வழுக்காத பெயிண்ட் அடியுங்கள். தேக்கும் பழைய பசையும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் குறையும். மத்தியானத்தில் வெறுங்காலோடு நடக்கவும் முடியும். பார்க்க அழகு குறையும், அதை மறுக்கவில்லை. இரண்டு ஆள் வைத்தால் ஆறு வாரமாவது ஆகும். லங்காவியில் மழை ஓய்ந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் மட்டுமே டெக்கைத் திறக்கலாம். செப்டம்பரில் திறந்த டெக்கைத் தார்ப்பாய் போட்டுக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சீகாக்குக்கு வருவோம். உடம்பில் துளை போட்டுக் கடல்தண்ணீரை உள்ளே எடுக்கவும் வெளியே விடவும் வைத்திருக்கும் அடைப்பான்கள் அவை. கழிப்பறை, சிங்க், எஞ்சின் என்று உங்கள் படகில் ஏழெட்டாவது இருக்கும். ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே கழன்றால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். ஒன்றரை நிமிடத்தில் ஒரு 200 லிட்டர் ட்ரம் நிறைந்துவிடும். மின்சார பம்பின் டப்பாவில் என்ன எண் போட்டிருந்தாலும், குழாயின் வளைவும் ஏற்றமும் போக அதில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆகவே பெரிய பம்பைத் தேடுவதற்கு முன் துளையைக் கவனியுங்கள். படகு கரையில் நிற்கும்போதே எல்லாவற்றையும் கழற்றி, உலோகத்தைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் ரோஜா நிறத்தில் இருந்தால், துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்புக்கூடு மட்டும் நிற்கிறது என்று அர்த்தம். பித்தளை கடலில் அப்படித்தான் சாகும். முன்பிருந்தவர்கள் யாரோ வீட்டுக் குழாய்க்கடையில் வாங்கிய பித்தளை வால்வைப் போட்டிருப்பது புதிய விஷயமல்ல. வெண்கலம் போடுங்கள், குழாய்க்கு இரட்டைக் கிளாம்ப், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் அளவுக்குச் செதுக்கிய மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கழிப்பறைக்கு இரண்டு எதற்கு, ஒன்றை நிரந்தரமாக ஃபைபர் போட்டு மூடிவிடலாமா என்றும் யோசியுங்கள். துளை குறையக் குறைய நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

எஞ்சினைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. எஞ்சினுக்குப் போகும் டீசலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மலேசிய டீசலில் பாமாயிலிலிருந்து எடுத்த மெத்தில் எஸ்டர் கலந்திருக்கிறது. லாரிக்கு அது பிரச்சினையில்லை, தினமும் எரித்துவிடும். ஆறு ஆண்டு நின்ற தொட்டிக்கு வேறு கதை: அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் கறுப்புப் பாசி மாதிரி வளரும், பழைய ரப்பர் குழாய்களை ஊறவைக்கும், அடியில் படிந்த வண்டலையும் கரைத்துக் கிளப்பிவிடும். மரினாவில் அமைதியாக ஓடும் எஞ்சின், வெளியே முதல் அலையில் குலுங்கியதும் பத்து நிமிடத்தில் நிற்கும். இது எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி. அந்தக் காலத்துத் தைவான் படகுகளில் தொட்டி பெரும்பாலும் கறுப்பு இரும்பு. கையை நுழைத்துத் துடைக்கும் அளவுக்கு மூடி வைத்த திறப்பு இல்லையென்றால் ஒன்று வெட்டுங்கள், ஆனால் கிரைண்டர் வேண்டாம். ஆவியை வெளியேற்றிவிட்டு ரம்பத்தால் மெதுவாக அறுங்கள். உள்ளே பள்ளம் விழுந்திருந்தால் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, ஒன்றுக்குப் பதில் இரண்டு சின்னத் தொட்டி வையுங்கள். ஒன்றில் அழுக்கு டீசல் வாங்கினாலும் மற்றது மிஞ்சும். இரட்டை வடிகட்டி போட்டு, எஞ்சின் ஓடும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும்படி வைத்துவிடுங்கள்.

தொட்டி அணியத்தில் இருக்கிறதென்றால் எடையையும் யோசிக்க வேண்டும். பட்டியலில் 100 மீட்டர் நங்கூரச் சங்கிலி கேட்டிருக்கிறீர்கள். 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு இரண்டேகால் கிலோ. 60 மீட்டர் சங்கிலியும் மீதிக்கு நைலான் கயிறும் வைத்தால் கிட்டத்தட்ட 90 கிலோ குறைகிறது. 10 கிலோ அரிசி மூட்டை ஒன்பதை மூக்கிலிருந்து இறக்கி வைத்த மாதிரி. படகு அலையில் மூக்கைக் குத்துவது அதிலேயே குறையும்.

லித்தியம், வாட்டர்மேக்கர், ஃப்ரீசர், மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். லித்தியம் நல்ல சாமான். ஆனால் பழைய ஆல்டர்னேட்டரிலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். பேட்டரியின் காவல் மின்சுற்று திடீரென்று இணைப்பைத் துண்டித்தால் டயோடுகள் போய்விடும். ஆகவே பேட்டரியின் விலையோடு ரெகுலேட்டர், ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவில் நிற்கும் சார்ஜர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே தகுந்த ஃப்யூஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஃப்ரீசரை வெட்டிவிட்டால் இதில் பாதி தேவையே இல்லை. இரண்டு பேர், ஒன்பது நாள். கருவாடும் முட்டையும் அப்பளமும் எந்த ஃப்ரீசரையும் கேட்காது. வாட்டர்மேக்கரின் சவ்வை ஓடாத வாரங்களிலும் நன்னீரால் அலச வேண்டும், அழுக்குத் துறைமுகத்தில் ஓட்டவும் கூடாது. இந்த ஒரு கடலுக்குத் தொட்டித் தண்ணீரும், தனியாகக் கட்டி வைத்த கேன்களும் தாராளம். மாலத்தீவு தாண்டிப் போகும் ஆண்டில் வாங்கிக்கொள்ளலாம்.

சோலார் வளைவில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் படகின் பின்புறம் கூர்மை, இடமே இல்லை. அங்கே வளைவும், கரைக்குப் போய்வரும் சின்னப் படகான டிங்கியைத் தொங்கவிடும் கொம்புகளும் வைத்தால், காற்றாலேயே சுக்கான் பிடிக்கும் விண்ட்வேனுக்கு இடமும் இருக்காது, தடையில்லாத காற்றும் கிடைக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் விண்ட்வேனுக்குத்தான் இடம் கொடுப்பேன். கரண்ட் கேட்காது, தூங்காது, முணுமுணுக்காது. இருவர் மட்டும் ஒன்பது இரவு ஓட்டும் படகில் அது மூன்றாவது ஆள். சோலார் தகடுகளை காக்பிட் கூரையிலும் பக்கக் கம்பிகளிலும் வைக்கலாம், டிங்கியைச் சுருட்டி டெக்கில் கட்டலாம்.

இனி உங்கள் வீட்டம்மா கேட்ட கேள்வி. 41 வரியையும்விட அந்தப் பின்குறிப்புதான் எனக்குப் பிடித்தது.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்துக்குப் புறப்பட்ட 303 படகுகள் அயர்லாந்துக்குத் தெற்கேயுள்ள கெல்டிக் கடலில் புயலில் மாட்டின. பந்தயத்தில் ஓடியவர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் விட்டுவிட்டுப் போன படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை ஐந்துதான். மீதி 19 படகும் பிறகு மிதந்துகொண்டிருந்த நிலையில் மீட்கப்பட்டன. அப்புறம் நடந்த விசாரணையில் படிக்கட்டு வாசலை அடைக்கும் பலகைகள் கழன்று போனதும் பெரிதாகப் பேசப்பட்டது. படகு கவிழ்ந்தபோது பலகை நழுவி விழ, கடல் உள்ளே வந்திருக்கிறது. உங்கள் வாசல் பலகைகளுக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்டக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள், இருநூறு ரிங்கிட் வேலை. பேட்டரி, தரைப்பலகை, அடுப்பு, கருவிப்பெட்டி என்று எதுவும் படகு தலைகீழானாலும் இருந்த இடத்தைவிட்டு வராதபடி கட்டுங்கள். உயிர்காப்பு ராஃப்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் ஏறுவது, படகு உங்கள் காலடியிலிருந்து போய்க்கொண்டிருக்கும்போதுதான்.

ஒரு பக்கக் கம்பி முறிந்தால் உடனே படகை மறுபக்கம் திருப்புங்கள், சுமை நல்ல பக்கத்துக்குப் போய்விடும். பிறகு டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழைக் கயிறு வைத்துத் தற்காலிகமாகக் கட்டலாம். மிக நீளமான கம்பியின் அளவுக்கு ஒரு சுருள் வைத்திருங்கள். மரமே விழுந்தால் அது உடம்பை இடிப்பதற்கு முன் வெட்டிவிட போல்ட் கட்டர். ஸ்டீயரிங் கேபிள் அறுந்தால் சுக்கானைத் திருப்ப மாட்டும் கைப்பிடியான அவசர டில்லர் எங்கோ அடியில் கிடக்கும். அதை எடுத்து ஒருமுறை மாட்டிப் பாருங்கள். மாட்டியபின் அதைத் திருப்ப இடமே இல்லாமல் கம்பத்தில் இடிக்கும் படகுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, அம்மாவுக்கு நேராகவே சொல்கிறேன்: ஐயா தூங்கும்போது நீங்கள்தான் கேப்டன். பெரிய பாயை நீங்கள் தனியாகச் சுருக்க முடியும் வரை இந்தப் படகு தயாராகவில்லை. பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் கனமாக இருந்தால் அதை மாற்றுவது ரேடாரைவிட முன்னால் வரட்டும். படுக்கையில் உருண்டு விழாமல் தடுக்கும் துணி, நடக்கும் இடமெல்லாம் உங்கள் கை எட்டும் உயரத்தில் பிடி, இவற்றை உங்கள் உயரத்துக்கு அளந்து போடச் சொல்லுங்கள். கப்பல்களைக் காட்டும், நம்மையும் அவற்றுக்குக் காட்டும் ஏஐஎஸ் கருவி இருவரின் தூக்கத்துக்கும் தேவை. நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கப்பல் ஊர்வலமே போகும். இலங்கைப் பக்கம் நெருங்கும்போது மீன்பிடிப் படகும் வலையும் திரையில் தெரியும் என்று நம்பாமல் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தேதியை மாற்றுங்கள். டிசம்பர் முதல் வாரம் வங்காள விரிகுடாவில் புயல் காலம் இன்னும் முடியாத நேரம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22-23 இரவில் வந்தது, இலங்கையின் வடபகுதியைக் கடந்துதான் அங்கே போனது. கிழக்குக் கரையில் அப்போது மழையும் அதிகம், காற்று கரையை நோக்கியே அடிக்கும். பிப்ரவரி நடுவில் கிளம்பினால் காற்று அடங்கி ஒழுங்காக இருக்கும், திருகோணமலைக்கும் வெயிலில் போய்ச் சேர்வீர்கள். அதற்கு முன் டிசம்பர் கடைசியில் சுமத்ராவின் முனையிலுள்ள சபாங்குக்கு ஒரு நடை போய் வாருங்கள். சுமார் 260 கடல் மைல், இரண்டு இரவு. போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில். திரும்பி வரும் அந்த இரண்டு இரவில் உடைவது எல்லாம் உடைந்து, ஒழுகுவது எல்லாம் ஒழுகிவிடும். புதுப் பட்டியல் ஒன்றோடு வருவீர்கள், அது இந்த 41 வரியைவிட நல்ல பட்டியலாக இருக்கும். அதற்காக 120,000-இல் கால் பங்கைத் தொடாமல் வையுங்கள். பாதி செயின்பிளேட், கம்பி, சீகாக், தொட்டி, டெக் என்றே போய்விடும். ரேடாரும் மெத்தை உறையும் மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை லங்காவி போகும்போது வலப்பக்க நடுச் செயின்பிளேட்டிலிருந்து தொடங்குங்கள். போல்ட் அசையவில்லையென்றால் முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள், சுத்தியல் வேண்டாம். வெளியே வந்ததும் டெக்கைக் கடந்த பகுதியைத் துடைக்காமல் அப்படியே, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். மீதியை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.